கேட் மாத்திரை

எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது. பத்தாவது வரை படித்தேன். விடை தெரிந்த கேள்விக்குக்கூடக் கை தூக்கியதில்லை. அதனால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று டாக்டரம்மா, "சரோஜாம்மா, உங்க கம்பெனிப் பொண்ணுங்ககிட்ட இதை நீங்கதான் சொல்லணும்" என்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தார். "பேச வரலன்னா எழுதிக் குடுங்க. யாராவது படிக்கட்டும்" என்றார். ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. பென்னலூரில் தம்பி ஏழுமலையோடு இருக்கிறேன். தம்பி, கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். அவன் மனைவி கோமதி. அவர்களுக்கு ஒரே பெண், திவ்யா. நான் சொல்லப்போகும் கார்த்திகை மாதத்தில் அவளுக்கு இரண்டரை வயது. தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து அவள் என் பாயில்தான் தூங்குவாள். என் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

எங்கள் வேலை நொடிக் கணக்கில் நடக்கும் வேலை. ஒரு சீட்டின் முதுகு உறைக்கு இத்தனை நொடி என்று சூப்பர்வைசர் கையில் கடிகாரத்தோடு பின்னால் நிற்பார். ஒருத்தி வராவிட்டால் அவள் பீஸ் எல்லாம் பக்கத்து மெஷின்காரி தலையில் விழும். மறுநாள் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் யாரும் லேசில் லீவு போடமாட்டோம். போதாததற்கு, வருஷம் முழுக்க ஒருநாள்கூட லீவு போடாதவர்களுக்குப் பொங்கலுக்கு முன் மேடையில் கூப்பிட்டு ஒரு குக்கர் கொடுப்பார்கள். அந்த வருஷம் நான் பதினோரு மாதம் தாண்டியிருந்தேன்.

"அண்ணி, இந்த வாட்டி குக்கர் நம்ம வூட்டுக்குத்தான். இந்த அலுமினிய குண்டானைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்" என்று கோமதி தீபாவளியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேடை ஏறணுமேடி."

"ஏறி வாங்கினு, கீழ பாத்துக்கினே எறங்கிடுங்க. உங்க மூஞ்சியை யார் கேட்டா? குக்கர் வந்தா போதும்."

இனி அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வேலைக்கு வந்தால் கம்பெனியில் விடமாட்டார்கள். இருமுகிறவளை சூப்பர்வைசர் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு அனுப்புவார். அங்கே இருக்கும் சிஸ்டர் வாயில் தர்மாமீட்டர் வைப்பார். நூறைத் தாண்டினால் 'ரெஸ்ட்' என்று ஒரு சீட்டு எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அது லீவுக் கணக்கில் சேரும். ஆகவே எங்கள் ஹாலில் எல்லோருடைய டிபன் பையிலும் பாராசிட்டமால் அட்டை ஒன்று இருக்கும். உடம்பு சுட்டால் பஸ் ஏறும்போதே ஒன்று விழுங்கிவிடுவோம். கம்பெனி கேட் வருவதற்குள் வேர்த்து விட்டுவிடும். அதற்குக் கேட் மாத்திரை என்றே பெயர். பூந்தமல்லியிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு வழி குறைவு. அதனால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புவேன்.

"மாத்திரை போட்டியா?" என்று அந்த சிஸ்டரும் வழக்கமாகக் கேட்பார்.

"இல்ல சிஸ்டர்" என்போம் நாங்களும் வழக்கமாக.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஹால் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டார்கள். என் வரிசையில் முதலில் ஒருத்தி இருமினாள். மூன்றாம் நாள் நாலு பேர் இருமினோம். எனக்குத் தொண்டை வலித்தது. அப்புறம் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி, காய்ச்சல். நாலு நாள் கேட் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ராத்திரி வந்து திவ்யாவைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் என் முந்தானையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் சுட்டன.

மறுநாள் எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் நானும் கோமதியும் அவளை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கிளம்பும் முன் நான் ஒரு காரியம் செய்தேன். என் மாத்திரையில் பாதியை உடைத்து, தேனில் குழைத்து அவளுக்குக் கொடுத்தேன். முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்தேன். காய்ச்சலோடு போனால் டாக்டர் ஊசி போடுவார், சிரித்த முகமாகப் போனால் சிரப்போடு அனுப்பிவிடுவார் என்பது என் கணக்கு. கேட் தாண்டுவதற்கு என்ன செய்வேனோ அதையே டாக்டர் வாசல் தாண்டுவதற்கும் செய்தேன்.

அந்த டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்றார்.

"இல்ல" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்யில்லை. அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் பல வருஷமாக வாயில் தயாராக இருந்தது. கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் சொல்கிறாளே என்று சும்மா இருந்துவிட்டாள். அவர் சளிக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. நாங்கள் காட்டியதைத்தான் அவர் பார்த்தார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலையில் வேனில் கால் வைத்து ஏற முடியாமல் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு பாதியில் நின்றது. மீதியை இழுக்கப் பலம் இல்லை. தம்பி ஓடிவந்தான். அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து கோமதியின் குரல் கேட்டது. "ஏங்க, இவ வயித்தைப் பாருங்க! இன்னா இப்டி உள்ள போய்ப் போய் வருது!"

தம்பி ஆள் ஏற்றப் போகவில்லை. என்னையும், குழந்தையோடு கோமதியையும் ஏற்றிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். பெங்களூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. மாடி ஒன்று. கீழே பெரியவர்கள், மேலே குழந்தைகள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். திவ்யாவைத் தொடும் முன் அவர் அவளுடைய கவுனைத் தூக்கி, தன் கைக்கடிகாரத்தையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது என்றார்.

"அறுபத்து ரெண்டு" என்றார். "இந்த வயசுப் பிள்ளை சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு நாற்பது மூச்சைத் தொடக் கூடாதும்மா. தொட்டா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். இங்க பாருங்க, விலா எலும்புக்குக் கீழ குழி விழுது. மூக்கு விடைக்குது. இதெல்லாம் பிள்ளை மூச்சுக்குப் பாடுபடுதுங்கறதுக்கு அடையாளம்."

எனக்கும் திவ்யாவுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் படத்தில் இரண்டு பக்கமும் மார்கழிப் பனி இறங்கியதுபோல் வெள்ளையாக இருந்தது. வைரஸ் நிமோனியா என்றார். எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சீட்டுக்குள்ள ஃபோம் வைப்பாங்கல்ல? அது மழையில நனைஞ்சா என்ன ஆகும்?"

"கனத்துடும். அமுக்கினா எழும்பாது" என்றேன். அன்று நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"அதேதான். நுரையீரலும் ஃபோம் மாதிரிதான், உள்ள பூரா சின்னச் சின்னக் காத்துப் பை. கிருமி போய் உட்கார்ந்ததும் அந்தப் பையெல்லாம் வீங்கி நீர் கோத்துக்கும். காத்து போக இடம் இருக்காது."

இந்தக் கிருமியைக் கொல்ல ஊசி எதுவும் தன்னிடம் இல்லை என்று அவர் சொன்னபோது கோமதி அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பாக்டீரியா என்ற வேறு வகைக் கிருமியால் வரும் நிமோனியாவுக்குத்தான் ஆன்டிபயாடிக் கேட்கும். வைரஸை உடம்பே துரத்த வேண்டும். அதுவரை ஆக்சிஜன், தண்ணீர்ச்சத்து, ஓய்வு கொடுத்து உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். நிறையப் பேருக்கு வீட்டிலேயே சரியாகிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு மூச்சுக் குழாய் மெல்லியது, சீக்கிரம் களைத்துப்போவார்கள். பெரியவர்களில் வயதானவர்களுக்கும், வேறு வியாதி உள்ளவர்களுக்கும், என்னைப்போல் ஓய்வே கொடுக்காமல் உடம்பை ஓட்டியவர்களுக்கும் முற்றிவிடும்.

திவ்யாவை மேலே கொண்டுபோனார்கள். அவளுடைய கையிலிருந்து என் முந்தானையைக் கோமதிதான் பிரித்து எடுத்தாள்.

கீழ் வார்டில் ஆறு கட்டில். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாள் என்ற பெண். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. வயர் கம்பெனியில் வேலை, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு வாடகைக்கு இருந்தாள். அவளுக்கும் அதே நிமோனியா. ஆனால் வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாக்கியம் பேசுவாள், மூன்று முறை இருமுவாள், விட்ட இடத்திலிருந்து தொடருவாள்.

"எக்கா, நீங்க பேசவே மாட்டியளா? மூக்குல குழாய் இருந்தா வாய்க்கு என்ன?"

நான் சிரித்தேன். சிரித்தால் விலா வலித்தது.

அவளுடைய ரூமில் மூன்று பேர் பகல் ஷிப்ட், ஆறு பேர் இரவு ஷிப்ட். பாய் நான்குதான். ஒருத்தி எழுந்த சூட்டில் இன்னொருத்தி படுப்பாள். "எனக்குக் காய்ச்சல் எவ கொடுத்தான்னே தெரியல. பாய்தான் குடுத்திருக்கும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் வேலை. காலையில் ரத்தம் எடுக்க வருவார்கள், அப்புறம் விரலில் கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தொண்ணூற்று நான்குக்கு மேல் இருந்தால் நல்லது. முதல் நாள் எனக்கு எண்பத்தெட்டு. ராத்திரிகளில் இருமல் கூடும். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் தலையணை இரண்டு வைத்துச் சாய்ந்தே இருந்தேன். விரலில் முந்தானை நுனியைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருப்பேன். அப்போது எனக்குச் சாவுபயம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. ஆனால் என்னைப் பற்றி அல்ல.

என் தம்பி அதிகம் பேசுகிறவன் இல்லை. வேனை வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து இரண்டு வார்டு வாசலும் தெரியும். மேலே ஏறி, "அக்கா இட்லி சாப்ட்டா" என்பான். கீழே இறங்கி, "பாப்பா பால் குடிச்சா" என்பான். மருந்து பில்லோ, அதை எங்கே புரட்டுகிறான் என்றோ ஒரு வார்த்தை என் காதில் விழ விடவில்லை. படியில் ஏறி இறங்கும் அவன் செருப்புச் சத்தம்தான் எனக்கு அந்த நாட்களில் நல்ல சேதி.

மூன்றாம் நாள் காலை நல்ல சேதியோடு வந்தான். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுக்கா. ஆக்சிஜனை எடுத்துட்டாங்க. ரொம்ப முடியாத புள்ளைங்களைப் போடற சிஸ்டர் மேஜை பக்கத்துலேர்ந்து ஜன்னல் ஓரத்துக் கட்டிலுக்கு மாத்திட்டாங்க."

எனக்கும் அன்று குழாயை எடுத்துவிட்டார்கள். பேச்சியம்மாள், "பாத்தியளா, நான் சொல்லல?" என்றாள். அவள் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கோமதி கீழே வந்தாள். தம்பி மேலே குழந்தையோடு இருந்தான். கோமதி தலை வாரி, பூ வைத்திருந்தாள். என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, உங்க கேட் மாத்திரை நல்ல வேலை செய்யுது."

"எது?"

"உங்க டிபன் பை வேன்லயே கெடந்துச்சே, அதுல அட்டை இருந்துது. அந்த மேஜை பக்கத்துக் கட்டில்ல முன்னாடி இருந்த புள்ளைக்கு காச்சல் நிக்கலன்னு மெட்ராசுக்கு அனுப்பிட்டாங்களாம். பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதான், சிஸ்டர் காச்சல் பாக்க வர்றதுக்கு முன்னாடி பாதி பாதியா குடுத்துடுவேன். காலைல, மத்தியானம், சாயங்காலம். சில்லுனு இருந்துச்சு, பாத்துட்டு இந்தாண்ட மாத்திட்டாங்க." அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. என்னிடம் கற்ற வித்தையை என்னிடமே சொல்லிக் காட்டும் பெருமை.

"பாப்பா எப்டி மூச்சு விடறா?"

"தூங்கறா அண்ணி. வேகமாத்தான் வுடறா. காச்சல்தான் இல்லியே."

பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏ அக்கா, எங்க கம்பெனில இத பஸ் மாத்திரைம்பாளுவ. இதப் போட்டுப் போட்டுத்தான நான் இங்க வந்து கெடக்கேன். போய்ச் சொல்லுங்க டாக்டர்ட்ட."

கோமதி பயந்துபோனாள். "ஐயோ, சொன்னா திட்டுவாங்க. மெட்ராஸ் அனுப்பிடுவாங்க. அண்ணி, வேணாம்."

"நீங்க போறியளா, நான் போய்ச் சொல்லட்டா?" என்றாள் பேச்சியம்மாள். அவளுடைய மூக்கில் குழாய் இருந்தது. எழுந்தால் அதுவும் கூடவே வரும்போலிருந்தது.

நான் எழுந்தேன். மூன்று நாளாகப் படுத்திருந்த கால் நிற்க மறுத்தது. பதினெட்டுப் படி. ஆறுக்கு ஒரு தடவை நின்றேன். கோமதி பின்னால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் அண்ணி, வேணாம் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே, நான் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

திவ்யா ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. பார்க்கிற யாரும் குணமாகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நான் கவுனைத் தூக்கினேன்.

"ஏழுமலை, நீ உன் வாட்ச்ல முள்ளைப் பாரு. நான் வயித்தைப் பாக்கறேன். ஒரு நிமிசம் ஆனதும் சொல்லு."

எண்ணுவது எனக்குப் பழகிய வேலை. ஆனால் அன்று எண்ணியதுபோல் என்றும் எண்ணியதில்லை. இருபதில் இன்னும் பாதி நிமிஷம்கூட ஆகவில்லையே என்று உள்ளே ஒன்று சொன்னது. நாற்பதைத் தாண்டியபோதும் தம்பி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். "போதும்" என்று அவன் சொன்னபோது ஐம்பத்தெட்டில் இருந்தேன். விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் மேஜை பத்தடி தூரம். அதைச் சுற்றி மூன்று குழந்தைகளின் அம்மாக்கள், ஒரு அப்பா, மருந்து வாங்க வந்த ஒருவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா, நீங்க கீழ் வார்டுதானே? ஏன் ஏறி வந்தீங்க?" என்றார் சிஸ்டர்.

"பாப்பாவுக்கு மூச்சு ஐம்பத்தெட்டு சிஸ்டர்."

"காய்ச்சல் இல்லையேம்மா. சார்ட்டுல பாருங்க, ரெண்டு நாளா நார்மல்."

"காய்ச்சல் இருக்கு சிஸ்டர்" என்றேன். "நாங்க மறைச்சிட்டோம்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. வார்டு முழுக்கக் கேட்டது என்று தம்பி பிறகு சொன்னான்.

சிஸ்டர் மேஜையை விட்டு எழுந்தார். ஓடிப்போய்க் கிளிப்பை மாட்டினார். எண்பத்தொன்பது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேஜை பக்கத்துக் கட்டிலுக்கே வந்தார். ஆக்சிஜன் குழாய் மறுபடி ஏறியது. டாக்டரம்மா வந்தார். அவர் திட்டுவார் என்று நான் நின்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை மாத்திரை? ஐந்நூறா? பாதியா, முழுசா? எந்தெந்த நேரம்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

கோமதி விரல் மடக்கிச் சொன்னாள். கிளினிக்குக்குப் போகுமுன் நான் கொடுத்ததையும் நான் சொன்னேன். டாக்டரம்மா எழுதிக் கூட்டினார். முகம் மாறியது.

"முதல் ரெண்டு நாளும் வேளைக்கு வேளை நாங்களும் இதே மருந்தைச் சிரப்பா குடுத்திருக்கோம். இந்த எடைக்கு இது ரொம்ப அதிகம். அளவு மீறினா ஈரலைக் கெடுக்கும். இப்பவே ரத்தம் எடுக்கணும். முடிவு நாளைக்குத்தான் வரும்."

அப்புறம்தான் கோமதியைப் பார்த்தார். "மெட்ராஸ் போன பிள்ளைக்கு இருதயத்துல ஓட்டைம்மா. உங்க பிள்ளைக்கு அது இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. காய்ச்சல் குறைஞ்சா மூச்சும் கொஞ்சம் குறையும், பிள்ளை தெளிவாத் தெரியும், நாங்களும் ஏமாந்துடுவோம். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும். நுரையீரல்ல இருக்கற நீரை இறக்காது."

அன்று இரவைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. கோமதி என்னோடு பேசவில்லை. "நாலு பேர் எதுருல சொன்னீங்களே அண்ணி" என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கு அந்த மாத்திரையைக் காட்டிக்கொடுத்தது யார்? ஒவ்வொரு நாளும் காலையில் அவள் கண்ணெதிரே அதை விழுங்கிவிட்டு, 'போய்ட்டு வரேன்' என்று கிளம்பியது யார்?

மறுநாள் பதினோரு மணிக்குத் தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடி வருகிற சத்தம்.

"ஈரல் நல்லா கீதாம்க்கா!"

சொல்லிவிட்டு அவன் கடைசிப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பேச்சியம்மாள், "எண்ணே, அழுதுக்கிட்டே இருந்தா மேல யாரு போய்ச் சொல்லுவா, அக்கா எந்திரிச்சு ஒக்காந்துட்டான்னு?" என்றாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

சாயங்காலம் கோமதி என் டிபன் பையோடு வந்தாள். என் முன்னால் அதைக் கவிழ்த்தாள். ஸ்பூன், சில்லறை, கம்பெனி பாஸ், நூல்கண்டு எல்லாம் விழுந்தன. அட்டை இல்லை. "சிஸ்டர்கிட்ட குடுத்துட்டேன்" என்றாள். பிறகு என் தலையை அவிழ்த்து, சிக்கெடுத்து, எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். அதோடு எங்களுக்குள் அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்கப்புறம் காய்ச்சல் சார்ட் மேலும் கீழுமாகத்தான் போனது. ஆனால் அது உண்மையான சார்ட். தினமும் காலையும் மாலையும் மாடி ஏறிப்போய்த் திவ்யாவின் மூச்சை எண்ணும் வேலையை டாக்டரம்மா எனக்கே கொடுத்துவிட்டார். "உங்க கணக்கு எங்க நர்சு கணக்கைவிடச் சரியா இருக்கு" என்றார். ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு. மறுபடி நாற்பத்தொன்பது, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நாற்பத்திரண்டு. ஏழாம் நாள் காலை முப்பத்தாறு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். அதற்குள் திவ்யா விழித்துக்கொண்டு, தன் வயிற்றையும் என் முகத்தையும் பார்த்தாள். குழாய் இல்லாத மூக்கைச் சுருக்கி, "அத்தே, புடவை குடு" என்றாள். முந்தானையைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எனக்கு இருமல் தை மாதம் வரை இருந்தது. பெரியவர்களுக்கு அப்படித்தான், ஆறு வாரம்கூட ஆகும், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மாள் எனக்கு முன்பே குணமாகிப் போய்விட்டாள். போகும்போது ரூமுக்குப் புதுப் பாய் ஒன்று வாங்கப்போவதாகவும், அதில் வேறு எவளையும் படுக்கவிடப் போவதில்லை என்றும் சபதம் செய்துவிட்டுப் போனாள்.

குக்கர் வேறொருத்திக்குப் போனது. மேடையில் அவள் வாங்கியபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டில் கோமதி, "அலுமினிய குண்டான்ல வெந்த சோத்துக்கு இன்னா கொறச்சல்? சாப்டுங்க" என்று முடித்துவிட்டாள்.

போன மாதம் மழை தொடங்கியது. ஒருநாள் காலை எழுந்தபோது உடம்பு சுட்டது. பையில் மாத்திரை இல்லை. வாங்கி வைத்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன். கம்பெனிக்குப் போனதும், யாரும் அனுப்பாமல் நானே ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"மாத்திரை போட்டியா சரோஜா?"

"இல்ல சிஸ்டர்."

அவர் தர்மாமீட்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி பார்த்தார். "நூத்தி ஒண்ணரை. உங்க லைன்லேர்ந்து ஒருத்திக்குக் காய்ச்சல் அடிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றவர், ரெஸ்ட் சீட்டுப் புத்தகத்தைத் தேடி இரண்டு டிராயரைத் திறந்தார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, என் பக்கத்து மெஷின்காரி வாசல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அக்கா, இன்னா சொன்னாங்க? எனக்கும் நேத்துலேர்ந்து சுடுது" என்றாள். "உள்ள போ. சொல்லிடு" என்றேன்.

வீட்டில் தனிப் பாய் போட்டுப் படுத்தேன். பாப்பாவைக் கிட்டே விடாதே என்று கோமதியிடம் சொல்லியிருந்தேன். திவ்யாவுக்கு இப்போது மூன்றரை வயது. அவள் வாசற்படியைத் தாண்டாமல் அந்தப் பக்கமே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மணிக்கட்டில் ரப்பர் பேண்டு ஒன்று மாட்டியிருந்தாள். அதுதான் வாட்ச்.

"அத்தே, பேசாதே. நான் எண்றேன்" என்றாள்.

பேசாமல் படுத்திருந்தேன். அவள் ரப்பர் பேண்டையும் என் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, பத்து." அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். "பத்துதான் அத்தே. கம்மிதான். நாளைக்கு சரியாப் பூடும்."